ஐம்பது கிலோ பெண்

(பழைய மாணவியர் சந்திப்பில், மனையியல் துறை அமர்வில் ஆற்றிய உரை)



மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால் யாருக்கும் கொஞ்சம் பயம்தான். மூன்றாம் வரிசையில் ரெண்டு பேருக்கு இப்பவே கண் சொருகுது, தெரிகிறது. அழைப்பிதழில் என் தலைப்பு 'இளம்பெண்களுக்கான சரிவிகித உணவு' என்று அச்சாகியிருக்கிறது. அதை நான் பேசப்போவதில்லை. செயலாளரிடம் காலையிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

காரணம், இன்று காலை வாசலில் நடந்தது. முப்பது வருஷம் கழிச்சுப் பார்க்கிறோம். கட்டிப்பிடிச்ச உடனே வந்த முதல் வார்த்தை என்ன? "ஏட்டி, என்ன இப்படிப் பெருத்துட்டே?" பக்கத்தில் நிற்கிறவளிடம், "நீ மட்டும் எப்படிட்டி அப்படியே இருக்கே?" பதிவு மேசை முன்னால் நின்ற அரைமணி நேரத்தில் இது பதினோரு தடவை என் காதில் விழுந்தது. எண்ணினேன். எண்ணுவது என் பழைய வியாதி. அந்த வியாதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1992. நாங்கள் இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்கூடத்தில் உடல் அளவைகளுக்கான செய்முறைப் பயிற்சி. உயரம், எடை, மேற்கைச் சுற்றளவு, தோல்மடிப்பு எல்லாவற்றையும் ஒருத்தியை ஒருத்தி அளந்து, அவரவர் பெயருக்கு நேரே கரும்பலகையில் எழுத வேண்டும். பிறகு சராசரி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியிலும் இப்படித்தான் செய்தார்கள். என் பெயருக்கு நேரே 57 என்று விழுந்தது. பலகையில் அதுதான் இரண்டாவது பெரிய எண். முதல் எண்ணுக்குச் சொந்தக்காரி, "எங்க வீட்ல மீன் ஜாஸ்தி"ன்னு சிரிச்சுத் தப்பிச்சுக்கிட்டா. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அந்த வாரம்தான் பாடத்தில் 'ரெஃபரன்ஸ் வுமன்' வந்தாள். ஒப்பீட்டுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1990-ல் வெளியிட்ட பரிந்துரையில் அவளுக்கு வயது 20-லிருந்து 39 வரை, எடை 50 கிலோ, நோய் நொடி இல்லை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை. நாட்டு மக்களுக்கு எவ்வளவு சத்து தேவை என்று கணக்குப் போட உண்டாக்கிய ஓர் அளவு அவள். அவளைப் போல எல்லாரும் இருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் 19 வயதில் எனக்கு அவள் நிஜமான ஆளாகத் தெரிந்தாள். அவள் 50, நான் 57. என் அப்பா துறைமுகத்தில் எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி சரக்கோட ஒருதரம் ஏறும், வெறும் வண்டியா ஒருதரம் ஏறும், கழிச்சா சரக்கு. அந்தக் கணக்கைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு, தன் மேல ஏழு கிலோ சரக்கு இறக்காமக் கிடக்குன்னு தோணாம என்ன செய்யும்?

என் உயரத்துக்கு அந்த 57 கிலோ சரியான எடைதான். உடல் நிறை குறியீடு 23-ஐத் தொடவில்லை. இதை இன்றைக்கு எந்த மாணவியும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். அன்றைக்கு எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

நமக்கெல்லாம் வேதப்புத்தகம் 'கோபாலன்'. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணை. (அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியது என்பதைப் பேராசிரியை சொல்லும்போது நமக்கு ஒரே பெருமையாக இருக்கும். 1958-ல்தான் ஐதராபாத் போனது.) அந்த அட்டவணையை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்யவில்லை. நூறு கிராமுக்குப் பச்சரிசி 345, உளுந்து 347, தேங்காய் 444, நிலக்கடலை 567, முந்திரி 596, எண்ணெய் 900. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொதியில் தேங்காய் தெரிந்தது, சொதி தெரியவில்லை. தூத்துக்குடியில் பிறந்தவள் மக்ரூன் சாப்பிட மாட்டேன் என்றால் யாராவது நம்புவார்களா? அதில் முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும்தான். மனசுக்குள்ளே அதைப் பிரிச்சு 596, 398ன்னு எழுதிப் பார்த்தபிறகு வாயில வைக்க எங்கே முடியும்?

வீட்டில் கேட்டால் செவ்வாய், வெள்ளி விரதம். சனிக்கிழமை பெருமாளுக்கு. மற்ற நாளில் 'கேஸ்'. அம்மா என் பக்தியைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் பெரியவளானபோது கிண்டிக் கொடுத்த மாதிரியே, உடன்குடிக் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டி உருட்டித் தருவாள். "ரெண்டு வாய் தின்னுட்டுப் போட்டி" என்பாள். அந்த உருண்டை கொல்லையில் கழனித்தொட்டிக்குப் போகும். இதை அம்மா இருக்கும் வரைக்கும் நான் அவளிடம் சொல்லவில்லை.

எத்தனை கிலோ குறைந்தேன், ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் என்ற எண்களை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த மண்டபத்தில் ஒருத்தியாவது தன் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். அன்றைக்கு நானாக இருந்தால் பார்த்திருப்பேன். முடி கொட்டியது. சித்திரை வெயிலில் கை சில்லிட்டுக் கிடந்தது. ஐந்து மாதம் தீட்டு வரவில்லை. ஒரு டாக்டரிடம் போனோம். "ரத்தம் இல்லை" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. சத்துணவு படிக்கிற பிள்ளையிடம் அதைக் கேட்பானேன் என்று நினைத்திருக்கலாம்.

அந்தப் பருவத்தில்தான் என் மூன்று நாள் உணவுப்பதிவு, 'பதிவு என்றால் இப்படி எழுத வேண்டும்' என்று வகுப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. கிராம் கணக்குச் சுத்தம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதியிருந்த உணவின் அளவை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இந்த நோய்க்கு மற்ற வீடுகளில் 'ஏன் சாப்பிடலை' என்ற கேள்வியாவது எதிரே வரும். நம் துறையில் அதற்கு மதிப்பெண் வந்தது.

என்னைக் கண்டுபிடித்தவள் என் அறைத்தோழி. கடற்கரைக்காரி. அவள் தாத்தா முத்துக்குளித்தவர். நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் கதைகள் அவள் வீட்டில் குறையவே இல்லை. எடுத்த முத்தை, துளையளவு வேறு வேறாக உள்ள பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தரம் பிரிப்பார்களாம். ஒருநாள் ராத்திரி நான் கண்ணாடி முன்னால் இடுப்பை அளந்துகொண்டு நிற்கும்போது சொன்னாள், "நீ என்ன முத்தாட்டி, சல்லடைக்குள்ள விழுறதுக்கு?" எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அவள்தான் எங்கள் அம்மாவுக்குக் கடிதம் போட்டவள். இன்று அவள் வந்திருக்கிறாள். எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னால் அடிப்பாள்.

அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் சரியாகிவிடவில்லை. படிப்பு முடித்து, முதல் வேலையில் சேர்ந்து, அங்கே ஒரு மூத்த உணவியலாளர் தினம் ஒரு மணிக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். கலோரி பேச்சே இல்லை. மகனுடைய பள்ளிக்கூடக் கதை, மாமியார் கதை. ஒன்றரை வருஷம். வைத்தியம் என்று அவர் நினைத்துச் செய்தாரா, சும்மா துணைக்குத்தானா, இன்றுவரை தெரியாது. ஆனால் தானாகச் சரியாகும் என்று இதை வைத்து யாரும் எண்ணிவிட வேண்டாம். எனக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். டாக்டர், மனநல மருத்துவர், உணவியலாளர் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் அதே ஆராய்ச்சிக் கழகம் ஒப்பீட்டுப் பெண்ணின் எடையை 55 கிலோ ஆக்கியது. 2020-லும் 55தான். நான் உயிரைக் கொடுத்து எட்டிப்பிடிக்கப் போன பெண், எனக்குச் சொல்லாமலே அஞ்சு கிலோ கூடிட்டா!

இனி, நம் படிப்பைப் பற்றி. சத்துணவு படிப்பதால் இந்தக் கோளாறு வருகிறதா, அல்லது சாப்பாட்டோடு ஏற்கெனவே மல்லுக்கட்டும் பெண்கள் இந்தப் படிப்பைத் தேடி வருகிறார்களா? ரெண்டும் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். பசி மனசை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மனச்சாட்சி இடம்கொடுக்காத 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான். உடல் மெலிந்தது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தார்கள், பக்குவக் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் கிளறிக்கிளறித் தின்றார்கள். அதற்கு முன் அவர்களுக்குச் சமையலில் ஆர்வமே கிடையாது. தங்கைகளே, பட்டினி கிடப்பவளுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் படிப்பதைத் தவிர வேறொன்றிலும் மனசு போகாது. அவள் முதல் வரிசை மாணவியாக இருப்பதில் என்ன அதிசயம்?

1997-ல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க டாக்டர் இதில் ஒரு வகைக்கு 'ஆர்த்தோரெக்சியா' என்று பெயர் வைத்தார். எடை குறைய வேண்டும் என்பதில்லை, 'சுத்தமான', 'சரியான' உணவை மட்டுமே தொடுவேன் என்று நாளுக்கு நாள் தட்டைச் சுருக்கிக்கொண்டே போவது. ஆஸ்திரியாவில் பெண் உணவியலாளர்களிடம் கேட்டு 2006-ல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இந்தப் போக்கு முற்றியிருந்ததாகத் தெரிந்தது. ஆனால் ஜெர்மனியில் சத்துணவு மாணவர்களிடம் எடுத்து 2010-ல் வெளிவந்த ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பழக்கம் மற்றத் துறை மாணவர்களைவிட இவர்களிடம் கூடுதல்தான். ஆனால் மேல்வகுப்புக்குப் போகப் போக அந்த 'சுத்தப் பித்து' குறைந்திருந்தது. ஒழுங்காகப் படித்தால் படிப்பு கெடுதல் செய்யாது போலிருக்கிறது.

நம் ஊருக்கு இதெல்லாம் வராது, பணக்கார நாட்டு வியாதி என்பார்கள். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 1998-ல் வெளியான ஆய்விலேயே ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் இதன் லேசான வடிவம் காணப்பட்டது. நாம் பார்க்கத் தவறுவதற்குக் காரணம், நம் பெண்கள் வேறு பாஷையில் சொல்கிறார்கள். தில்லி மருத்துவர்கள் 1995-ல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, விடாத வாந்தி, எடை இறக்கம், மாதவிலக்கு நின்றது எல்லாம் இருந்தன. ஆனால் 'நான் குண்டாக இருக்கிறேன்' என்ற பேச்சு இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரிடையே பார்த்து 2007-ல் எழுதியதிலும், பெரும்பாலோருக்கு மனக்காரணத்தால் வரும் வாந்திதான். நம் வீடுகளில் எப்படிக் கேட்டிருக்கிறீர்கள்? "வயிறு ஏத்துக்கல", "நெஞ்சக் கரிக்குது", "பசிக்கல". மேல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே வைத்துக்கொண்டு, 'உன் உடம்பைப் பார்த்தால் குண்டாகத் தெரிகிறதா' என்று கேட்டால் நம் பிள்ளை இல்லை என்றுதான் சொல்வாள். கேட்டவரும் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்.

இன்னொரு காரணம், நம் வரலாறு. காமராசர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது நம் எட்டயபுரத்தில். 1982-ல் அது சத்துணவாக வளர்ந்தது. சோறு கிடைக்காத பிள்ளையைத் தேடிப் போய்ச் சோறு போட்ட மண். சோறு முன்னால் இருந்தும் தின்ன முடியாத பிள்ளை என்றால் நமக்குக் கோபம்தான் வருகிறது, 'கொழுப்பு' என்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். மெலிந்த பெண் வந்தால் மாத்திரை, பருத்த பெண் வந்தால் 'குறை' என்ற அறிவுரை. இரண்டுக்கும் அடியில் வேறொன்று இருக்குமோ என்று பார்க்க நேரம் எங்கே? தின்று தின்று வாந்தி எடுக்கும் புலிமியா உள்ளவர் பார்வைக்குச் சாதாரண எடையில்தான் இருப்பார். ஒல்லியாக இருந்தால்தான் நோய் என்று நினைக்கக் கூடாது.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகப் பேசுகிற நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

பத்து வருஷத்துக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். நம்ம பக்கத்துப் பிள்ளை. சுறுசுறுப்பு. வரும்போது இருந்ததைவிட இரண்டு மாதத்தில் உடம்பு இறங்கியிருந்தது, முகம் மட்டும் கன்னத்தில் கொஞ்சம் உப்பல். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன், "இந்தப் பிள்ளையைப் பாருங்க. டயட்டீஷியன்னா இப்படி இருக்கணும். நாமளே கட்டுப்பாடா இல்லாட்டி நோயாளி எப்படிக் கேப்பாங்க?" எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு வாரம் கழித்து, சமையல்கூடத்தில் நோயாளிகளுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. பல்லின் உட்பக்கம் எனாமல் கரைந்திருந்தது. கன்னத்து உப்பலும் வாந்தியால் வந்த உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம். பாடப்புத்தகத்தில் படமே போட்டிருக்கும். தினமும் எதிரே நின்று பார்த்தவள் நான்.

மறுநாள் வார்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள், "மேடம், விட்டுடணும்னுதான் இருந்தேன். நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம் விட முடியல." குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மன்னிப்புக் கேட்கிற குரல்.

அவள் தேறினாள். சிகிச்சை ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது வேறு துறையில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாள், தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவாள். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. கழனித்தொட்டிக்கு உளுந்தங்களியைக் கொண்டுபோனவளுக்கே இன்னொருத்தியின் கழனித்தொட்டி தெரியவில்லை என்றால், மற்றவர்களை நான் என்ன சொல்ல?

ஆகவே துறைத்தலைவி அவர்களிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். உடல் அளவைப் பயிற்சியில் எடையைக் கரும்பலகையில் எழுத வேண்டாம். திரைக்குப் பின்னால் தனியாக எடுக்கட்டும்; சராசரி கற்றுக்கொடுக்க, பெயரில்லாத பழைய கணக்குகள் நூறு கிடக்கின்றன. தன் சொந்த உணவுப்பதிவை எழுத விரும்பாதவள் வீட்டுப் பெரியவர் ஒருவருடைய பதிவை எழுதட்டும். காரணம் கேட்க வேண்டாம். உணவுப்பதிவைத் திருத்துகிறவர்கள் கையெழுத்துக்கு மதிப்பெண் போடுவதற்கு முன் அந்த அளவில் ஒரு பெண் உயிரோடு நடமாட முடியுமா என்று ஒரு தரம் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலாண்டிலேயே இந்தக் கோளாறைப் பற்றி ஒரு வகுப்பு வைக்க வேண்டும். இப்போது கோபாலனை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2017-ல் புதிய அட்டவணை வந்துவிட்டது, தட்டைப் படம் எடுத்தால் கைப்பேசியே எண் சொல்கிறது. எங்களுக்காவது விளக்கணைத்த பிறகு புத்தகத்தை மூட வேண்டியிருந்தது. உங்களுக்கு அது தலையணைக்கு அடியிலும் இருக்கிறது. முதல் கோரிக்கைக்கு இந்தப் பருவத்திலிருந்தே சம்மதம் என்று அவர் சொல்லிவிட்டார். மற்றவை பாடத்திட்டக் குழுவுக்குப் போக வேண்டுமாம். போகட்டும், நான் விடப்போவதில்லை.

தங்கைகளில் யாருக்காவது நான் சொன்னதில் ஏதாவது தன் கதையாகத் தோன்றியிருந்தால், டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், காசு கிடையாது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் போகமாட்டீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். நான் சாயங்காலம் ஆறு மணி வரை பழைய ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். துறையில் எனக்கு டீ கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கூடம் பார்க்க வந்தோம் என்று சொன்னால் போதும்.